பாதிக் கூடாரம்

"புயலுக்குப் பல் இருக்கிறதா, நல்லதம்பி?"

குடுமியான்மலைக் கண்மாய்க்கரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த ஆத்மநாதன், கையில் பூதக்கண்ணாடியோடு நிமிராமலே கேட்டார்.

"பல்லு இருந்துச்சான்னு தெரியாதுங்க சார். வாய் இருந்துச்சு. அன்னைக்கு அது போட்ட கூச்சல்ல நான் பாடுனது எனக்கே கேக்கல. புயலால ஊருக்குக் கெடச்ச ஒரே நன்மை அதுதான்."

நல்லதம்பி நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவன். கம்பெனி இழுத்து மூடியபோது வேஷம் கலைந்தது. வாய் மட்டும் கலையவில்லை. ஆத்மநாதனோ புதுக்கோட்டை சமஸ்தானத்துப் போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது அவருக்குக் கொடுத்த புது உத்தியோகம் பிடிக்காமல், உடுப்பைக் கழற்றி மாட்டிவிட்டு, கீழராஜ வீதியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை தொங்கவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. சாப்பாடு ஓட்டலில், தூக்கம் பலகைக்குப் பின்னால் உள்ள பெஞ்சியில். பகல் முழுக்க நல்லதம்பி பேசிக்கொண்டே இருப்பான். அவன் வீட்டுக்குப் போன பிறகு அந்த மாடியில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பெரிய தண்டனை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மாடிப்படி ஏறித்தான் நேற்றுக் காலையில் செங்கமலம் வந்திருந்தாள்.

அவள் கணவன் முத்துராமன், சந்தைக்குச் சந்தை, திருவிழாவுக்குத் திருவிழா துணிமூட்டை சுமந்து விற்கிறவன். போகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கூடாரம் அடித்துத் தங்குவான். பதினைந்து நாளைக்கு முன்னால், அந்த ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் புயல் அடித்தபோது அவன் கூடாரம் இந்தக் கண்மாய்க்கரையில் இருந்தது. புயல் ஓய்ந்து, கலிங்கு வழியே கண்மாய் வெள்ளம் வடிந்த பிறகு ஆட்கள் வந்து பார்த்தார்கள். பாதிக் கூடாரம் முளைக்குச்சிகளில் கட்டியபடியே கிடந்தது. மறுபாதி இல்லை, மூட்டை இல்லை, ஆளும் இல்லை. புயல் கூடாரத்தைக் கிழித்தது, வெள்ளம் ஆளை அடித்துப் போனது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நாளைக்குக் கருமாதி. உடம்பு கிடைக்காததால் வைக்கோலில் ஓர் உருவம் செய்து எரித்து, அன்றே செங்கமலத்தின் தாலியையும் வாங்கிவிடுவதாக ஏற்பாடு.

"அவுக செத்துட்டாகன்னா சொல்லுங்கய்யா, நானே கழட்டிக் குடுத்துர்றேன்" என்றாள் அவள். அழவில்லை. "ஆனா தெரிஞ்சு கழட்டணும். ஊரு சொல்லுதுன்னு கழட்ட மாட்டேன்."

அக்குளில் இடுக்கி வந்திருந்த பாதிக் கூடாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதைத்தான் இப்போது ஆத்மநாதன் அது கிடந்த இடத்திலேயே விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கிட்டு வா. இதைக் கிழி பார்ப்போம்."

நல்லதம்பி துணியை இரண்டு கையாலும் பற்றினான். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. துணி அசையவில்லை.

"சார், நான் காலையில ரெண்டு இட்லிதான் தின்னேன்."

"சரி, நானே ஆரம்பித்துத் தருகிறேன்." ஆத்மநாதன் சவர பிளேடை எடுத்து ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் போட்டார். "இப்போது கிழி."

'டிக்' என்று ஒரு சத்தம். கீறல் கால் அங்குலம் ஓடி நின்றுவிட்டது. நல்லதம்பி மறுபடி இழுத்தான். இம்மியும் நகரவில்லை.

"கண்ணாடி வழியே பார். துணி முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிகிறதல்லவா? கால் அங்குலத்துக்கு ஒரு இடத்தில் தடித்த நூல். நெடுக்கே ஓடும் பாவிலும் அப்படி, குறுக்கே ஓடும் ஊடையிலும் அப்படி. வயலுக்கு வரப்புப் போட்ட மாதிரி. கிழிசல் வரப்பு வரைக்கும்தான் வரும், தாண்டாது. இது நைலான். யுத்தத்துக்காகச் செய்த பாரசூட் துணி. சண்டை முடிந்ததும் திருச்சியில் மிலிட்டரி டிஸ்போசல் என்று, மிச்சச் சரக்காக மலிவாக வந்தது."

"ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"யுத்த காலத்தில் என்னை விமானதளத்துக்குக் காவல் போட்டார்கள். ஒருநாள் பாரசூட் ஒன்று பனைமரத்தில் மாட்டிக்கொண்டது. பனங்கருக்கு எப்படி அறுக்கும், உனக்கே தெரியும். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தோம். கீழே வந்த பிறகு பார்த்தால், அங்கங்கே கட்டத்துக்கு ஒரு பொத்தல். அவ்வளவுதான். பனங்கருக்குக்கே கிழியாதது, காற்றுக்கு உச்சியிலிருந்து அடிவரைக்கும் நேர்கோட்டில் கிழியுமா?"

நல்லதம்பி துணியின் ஓரத்தைப் பார்த்தான். நூல் பிரிந்து தொங்கியதால் எட்டி நின்று பார்க்கிறவனுக்குக் கிழிசலாகத்தான் தெரியும். கண்ணாடிக்குள்ளோ சுத்தமான வெட்டு.

"யாரோ பிளேடு போட்டிருக்கான்!"

"பிறகுதான் போட்டிருக்கிறான். முதலில் வேறொன்று செய்து பார்த்திருக்கிறான்." ஆத்மநாதன் அடி ஓரத்தைத் திருப்பினார். சாண் சாணாகத் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன வாய்கள். கத்தரித்தவை அல்ல, நசுங்கியவை. ஒவ்வொன்றும் முதல் வரப்பிலேயே செத்துக் கிடந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பாய் ஒரு கறை.

"ரத்தம் சார்!" நல்லதம்பி இரண்டடி பின்னால் போனான்.

ஆத்மநாதன் விரலை நனைத்துத் தேய்த்து மோந்து பார்த்தார். "சுண்ணாம்பும் களிப்பாக்கும் போடுகிற ரத்தத்தை எந்த உடம்பிலடா பார்த்தாய்? வெற்றிலைக் காவி. வெற்றிலை போடுகிற ஒருவன் இந்தத் துணியைப் பல்லால் கடித்திருக்கிறான்."

"பசின்னா கூடாரத்தையா கடிப்பான்?"

"பசியில்லை, கிழிக்கப் பார்த்திருக்கிறான். எப்போது? அந்த மழைக்கு முன்னால் கடித்திருந்தால் காவி நின்றிருக்குமா? மழை விட்ட பிறகு கடித்திருக்கிறான். அதற்கப்புறம் ஒரு தூறல்கூட இல்லை."

நல்லதம்பி வாயில் விரல் வைத்தான். பிறகு அந்த விரலையே உயர்த்தினான். "புடிச்சுட்டேன் சார். திருடன்னா முழுக் கூடாரத்தையும் சுருட்டியிருப்பான். பாதிய மட்டும் எடுக்கிறவன் யாரு? பங்காளி! முத்துராமனோட யாவாரத்துல பாதிப் பங்கு நாகராசுவுக்குன்னு அந்தப் புள்ள சொல்லுச்சே. வண்டிக்காரன். இந்த ஊருதான். ஆளைத் தள்ளிவிட்டுட்டு, பங்கை வெட்டிக்கிட்டுப் போயிட்டான்."

ஆத்மநாதன் தலையாட்டினார். யோசனை நல்லதாகத்தான் இருந்தது. ஒன்றுதான் உறுத்தியது. கூடாரம் இரண்டு பட்டைத் துணியைச் சேர்த்துக் கைத்தையலாகத் தைத்தது. வெட்டு அந்தத் தையலுக்கு ஓர் அங்குலம் தள்ளி, தையலோடு கூடவே ஓடியது. தையலைப் பிரித்தால் பிளேடுக்கு இரண்டு நிமிஷ வேலை. அதை விட்டுவிட்டு, பக்கத்தில் போய்ப் பல்லுடையக் கடிப்பானேன்?

நாகராசு மலையடிவாரத்தில் தன் வண்டிக்குக் கூண்டு கட்டிக்கொண்டிருந்தான். புயல் பழைய கூண்டைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

"மேலே பாறையில சங்கீதமே வெட்டி வச்சிருக்காங்களாமே அண்ணே" என்று நல்லதம்பி பேச்சைப் பிடித்தான். "என் பாட்டைக் கேட்டிருந்தா உளியை அங்கேயே கீழ போட்டுட்டு ஓடியிருப்பாங்க. வெத்தல இருக்காண்ணே?"

"இருக்கே. இடிச்சுத் தரவா?"

"எதுக்கு இடிக்கணும்? பல்லு இல்லாத கெழவனா நான்?"

"நீங்க இல்லங்க." நாகராசு சிரித்தான். மேல்வரிசையில் முன்பல் ஒன்றுகூட இல்லை. "மயிலைக்காளை விட்ட ஒதை. போன சித்திரையில. அதுலேருந்து உரல்ல இடிச்சுத்தான் போடுறேன்."

நல்லதம்பியின் பங்காளி அங்கேயே விடுதலையானான். கடிப்பதற்குப் பல் வேண்டுமே!

"முத்துராமன் உன்னிடம் ஏதாவது சொன்னானா?" என்று ஆத்மநாதன் கேட்டார்.

நாகராசு சிரிப்பை நிறுத்தினான். "முந்தியெல்லாம் வண்டியில வாய் ஓயாம பேசிக்கிட்டு வருவான். இந்த வருசம் பேச்சே இல்ல. சரக்கு வித்து முடிஞ்சாலும் வீட்டுக்குப் பொறப்பட மாட்டான். கூடாரத்துக்குள்ள வெளக்க வச்சிக்கிட்டுச் சும்மா ஒக்காந்திருப்பான். என்னடான்னா, 'இதுக்குள்ள இருந்தா நல்லா இருக்கு'ம்பான். புயலுக்கு முந்தின நாளு, என் வீட்டுக்கு வந்துருடான்னேன். வாரேன், நீ போன்னான். வரல."

வண்டிக்காரனின் கண் கலங்கியது. ஆத்மநாதன் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார். விளக்கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது என்ன என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்று மதியம் கீரனூர் பஸ்ஸில் இருவரும் முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பல்லால் கடித்துத் துணி கிழிக்கிறவன் யார்?" என்றார் ஆத்மநாதன்.

"கொழந்தை. எலி. என் மாமியா."

"ஜவுளிக்காரன். முத்துராமன் முன்னால் வேலை பார்த்த கடை கீரனூரில்தான். அந்தக் கடை ஆட்களில் எவன் இப்படிக் கடிப்பான் என்று கேட்போம்."

கடை முதலாளி அடைக்கலம் தடித்த மனிதர். ஒரு பெண்ணுக்கு ரவிக்கைத் துணி அளந்துகொண்டிருந்தார். கத்தரி நுனியால் ஓரத்தில் 'நறுக்' என்று ஒரு வாய். பிறகு இரண்டு கையும் விரிந்தன. சர்ர்ர் என்று துணி நூல் பிடித்த மாதிரி இரண்டாகியது. கத்தரி அதற்கப்புறம் தேவைப்படவில்லை.

ஆத்மநாதன் பாதிக் கூடாரத்தைக் கல்லாவின் மேல் விரித்தார். அடைக்கலம் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். உதட்டில் சிரிப்பு வந்தது.

"இது நம்ம தொழில்காரன் வேலைதாங்க. சந்தேகமே இல்ல."

"எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?"

"வேற ஆளுன்னா ஒரு தடவை கிழிச்சுப் பாப்பான், முடியலன்னா துணி கெட்டின்னு விட்டுருவான். ஜவுளிக்காரனுக்குத் துணி மேல சந்தேகமே வராது. கிழியாத துணின்னு ஒண்ணு இருக்குன்னு அவன் கை நம்பாது. தான் கடிச்ச எடம் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டுத் தள்ளிக் கடிப்பான். அப்பவும் கிழியலியா, இன்னும் தள்ளி. பாருங்க, எத்தனை எடத்துல கடிச்சிருக்கான், பைத்தியக்காரன்!"

"ஆனால் நீங்கள் கத்தரிதானே வைத்தீர்கள்?"

"எல்லாரும் கத்தரிதான். ஒருத்தன் மட்டும் இருந்தான், கத்தரியத் தேட நேரமில்லன்னு பல்லால ஒரு கடி கடிச்சுச் சர்ருனு கிழிப்பான். வாயில எந்நேரமும் வெத்தல வேற. ஒரு கல்யாண வீட்டுக்கு எடுத்த வெள்ளை மல்லுத் துணியில காவி பட்டு, அந்தம்மா கடைக்குள்ள ஆடுன ஆட்டம் இருக்கே! அதோட அவனை அனுப்பிட்டேன். ஆனா நல்ல கைங்க. பாவம்."

"யார் அவன்?"

"அதான், புயல்ல போயிட்டானே. நம்ம முத்துராமன்."

நல்லதம்பி குனிந்து, அந்தக் கடிவாய்களை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.

ஆத்மநாதன் துணியை மடித்தார். மெல்ல, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார். மழை விட்ட பிறகு கடித்த பல். செத்ததாக ஊர் சொல்கிறவனின் பல். கூடாரம் அவனைக் கைவிடவில்லை. புயல் முழுக்க அது தாங்கியிருக்கிறது. விடிந்ததும் உயிரோடு எழுந்து, வெற்றிலை போட்டு, தன் கூடாரத்தைத் தானே இரண்டாக்கி, ஒரு பாதியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு முத்துராமன் நடந்து போயிருக்கிறான். வீடு இருக்கும் பக்கம் மட்டும் போகவில்லை.

திரும்பும் வழியில் நல்லதம்பி வேடிக்கை கலக்காமல் ஒரு கேள்வி கேட்டான். இது அவர்கள் தொழிலில் முதல் தடவை.

"சார், அந்தப் புள்ளகிட்ட செத்துட்டான்னு சொல்றது நல்லதா, விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்றது நல்லதா?"

"அவள் நம்மிடம் நல்லதைக் கேட்கவில்லையே, நல்லதம்பி. நிஜத்தைத்தான் கேட்டாள்."

சொல்லிவிட்டார். ஆனால் ஒரு பெண்ணிடம் போய், உன் புருஷன் உன்னோடு இருப்பதைவிட இல்லாமல் போவது மேல் என்று நினைத்தான் என்று எந்த வார்த்தையால் சொல்வது? சமஸ்தானத்துப் போலீசில் அதற்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

மறுநாள் காலை. கீரனூருக்குக் கிழக்கே, முத்துராமனின் சொந்த ஊர்க் குளக்கரை. வைக்கோல் உருவம் வேட்டி போர்த்திக் கிடந்தது. முத்துராமனின் அண்ணன் வீரய்யா ஈர வேட்டியோடு நின்றார். பெண்களுக்கு நடுவே செங்கமலம், தலை நிறையப் பூவும் நெற்றி நிறையக் குங்குமமுமாக உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தாள். கடைசித் தடவை என்று அவளுக்கு எல்லாம் அதிகமாகவே வைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றார் ஆத்மநாதன்.

"யாருங்க நீங்க?" வீரய்யா முறைத்தார். "என் தம்பி ஆவி அலையுது. அவனைக் கரை சேக்கணும். காரியத்துல குறுக்க வராதீங்க."

"குறுக்கே வரவில்லை ஐயா. புயல் கிழித்த துணி இது என்றுதானே சொல்கிறீர்கள்? இதை நீங்கள் ஒருமுறை கிழித்துக் காட்டுங்கள். நான் பேசாமல் போய்விடுகிறேன்."

வீரய்யாவுடையது கமலையில் தண்ணீர் இறைத்த கை. பல்லைக் கடித்து இழுத்தார். முடியவில்லை. பக்கத்தில் நின்ற இளவட்டம் ஒன்று வாங்கி இழுத்தது. பிறகு இன்னொருவன். கடைசியில் ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேர் இழுத்து, இரண்டு பேரும் மல்லாந்தார்கள். கருமாதி என்பதை மறந்து யாரோ சிரித்துவிட்டார்கள்.

ஆத்மநாதன் பேசினார். வரப்பு மாதிரி நூலை, பிளேடு வெட்டை, மழைக்குப் பிந்திய காவியை, அடைக்கலம் சொன்னதை, எல்லாம் சுருக்கமாகச் சொன்னார். கடிவாய்களை வீரய்யாவின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

வீரய்யா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று அவர் குரல் உடைந்தது. "அவன் பல்லுதான்! சின்னதுலயே அப்படித்தான், மாட்டுக் கயித்தைக்கூடக் கடிச்சுத்தான் அறுப்பான்! என் தம்பி உசுரோட இருக்கான்டா!" வேட்டியோடு சேர்த்து வைக்கோல் உருவத்தைக் காலால் எத்திக் குளத்துக்குள் தள்ளினார். கூட்டம் ஓவென்று இரைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். "ஒன் தாலி கெட்டிடீ!" என்று ஒருத்தி செங்கமலத்தின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அத்தனை பேரும் கூத்தாடிய இடத்தில் அவள் ஒருத்தி மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து ஆத்மநாதனிடம் வந்தாள்.

"பாதிய ஏங்கய்யா விட்டுட்டுப் போனாக?"

இந்தக் கேள்விக்கு அவர் பஸ்ஸிலேயே பதில் யோசித்து வைத்திருந்தார். "உனக்கென்று வைத்திருக்கிறான் தாயி. மனம் இல்லாதவன் முழுசையும் எடுத்துக்கொண்டு போயிருப்பான்."

செங்கமலம் தலையை அசைத்தாள். "இல்லைங்கய்யா. எங்க பக்கத்துல அண்ணன் தம்பி பாகம் பிரிச்சா, கமலைச் சால் கயித்தைக்கூட நடுவுல வெட்டித்தான் எடுத்துக்குவாக. பாதிய எடுத்துக்கிட்டுப் போனா, இனிமே ஒன் வாசப்படி ஏற மாட்டேன்னு அர்த்தம். அவுக எங்கிட்ட பாகம் பிரிச்சிட்டுப் போயிருக்காக." சற்று நிறுத்தினாள். "சண்டை ஒண்ணும் இல்லைங்க. பேச்சுத்தான் கொறஞ்சு போச்சு. ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரு தனித்தனியா இருந்தோம்."

துப்பு எல்லாவற்றையும் ஆத்மநாதன்தான் கண்டுபிடித்தார். அதைச் சரியாகப் படித்தவள் அவள்.

"நான் தேடிப் பார்க்கட்டுமா? கறம்பக்குடிச் சந்தையில், ஆவுடையார்கோயில் பக்கம், எங்காவது மூட்டையோடு இருப்பான். இந்தத் துணி யார் கண்ணுக்கும் தப்பாது."

"வேணாங்க. காணாமப் போனவுகளைத்தான் தேடணும். அவுக காணாமப் போகல." தாலியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். "இது கெடக்கட்டும். தெரிஞ்சுதான் போட்டிருக்கேன்."

பாதிக் கூடாரத்தை அவளிடம் கொடுத்தபோது, அவருக்கு அந்தக் கடைசி உறுத்தல் நினைவு வந்தது. கேட்காமல் போயிருக்கலாம். பழக்கம் விடவில்லை.

"ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை தாயி. இதோ, வெட்டுக்குப் பக்கத்திலேயே தையல் இருக்கிறது. இதைப் பிரித்திருந்தால் கூடாரம் தானாக இரண்டாகியிருக்கும். சுலபமான வேலை. அதை விட்டுவிட்டு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டினான்?"

செங்கமலம் தையலின் மேல் விரலை வைத்தாள். உச்சியிலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தாள். பொடிப்பொடியான, நெருக்கமான கைத்தையல். ஓர் இழைகூட விடுபடவில்லை.

"இது நான் தச்சதுங்க" என்றாள்.

இத்தனை நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். துணியை முகத்தில் வைத்துக்கொண்டு, நின்றபடியே, தோள் குலுங்க அழுதாள். நல்லதம்பி துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினான்.

சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். ஆத்மநாதன் அவர்களைத் திருத்தவில்லை.